பாட்டைப் பதிய வந்தவர்

முரல்பாடு என்ற ஊர்ப்பெயருக்கு விளக்கம் வேண்டுமென்றால் கடற்கரையில் நிற்கிற எவரையும் கேட்கலாம். முரல் மீன் கூட்டமாய்க் கரைக்கு அண்டுகிற இடம். கரைவலை வளைக்கிற கடற்கரைத் துண்டுக்கு அந்தப் பக்கத்தில் பாடு என்று பெயர். ஆகவே முரல்பாடு. சொல்லி முடிக்க ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம் போதும். எட்வேட் சம்மாட்டியாரைக் கேட்டால் மட்டும் சுருட்டே முடிந்துவிடும். முரலுதல் என்றால் வண்டு பாடுவது, யாழ் பேசுவது. பாடு என்றால் பாடு. ஆதலால் இந்த ஊரை உண்டாக்கினவர்கள் மீன் பிடிக்க வந்தவர்களே அல்ல, பாட வந்தவர்கள். வந்த இடத்தில் பசித்தபடியால் மீன் பிடித்தார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி.

அவருடைய மனைவி மாக்கிறட் இந்த ஆராய்ச்சியைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்டுவருகிறாள். மறுத்ததில்லை. பசித்தது என்ற பகுதி அவளுக்கும் சரியென்றே பட்டது.

தலைமன்னார் றோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வடக்கே பனங்கூடலுக்குள்ளால் கணுக்கால் புதைய நடந்தால் ஊர் வரும். நடக்கும்போது கழுதைகள் விலகி வழிவிடும். முரல்பாட்டுக் கழுதைகள் மரியாதை தெரிந்தவை. ஊரில் ஒரு வேதக்கோயில், ஒரு கரைவலை, ஒரு சங்கீத சபை. செசிலியம்மாள் சங்கீத சபை என்று அதற்குப் பெயர். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எட்வேட்டே தலைவர், வாய்ப்பாட்டும் வயலினும். வயலினில் ஒரு நரம்பு அறுந்த அன்று தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசியை எடுத்து முறுக்கிக் கட்டினார். அன்றுமுதல் அந்த நரம்பில் வில்லை வைத்ததும் ஊர்ப் பூனைகள் வந்து எதிரில் வரிசையாகக் குந்தத் தொடங்கின. "பூனைக்கு விளங்குது," என்றார் எட்வேட். மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்மோனியப் பெட்டி தோமசுக்கு. வலைத்தோணியின் சுக்கான் பிடிக்கிறவரும் அவர்தான். உப்புக்காற்றுப் பட்டுப் பெட்டியில் ஒரு கட்டை அமுங்கிப்போய் மேலே வர மறுத்துவிட்டது. துருத்தியை அசைத்தால் வேறெது கேட்கிறதோ இல்லையோ, அது கேட்கும். வேறு ஊராராயிருந்தால் பெட்டியைத் திருத்தியிருப்பார்கள். முரல்பாட்டார் அந்தக் கட்டையையே சபையின் சுருதியாக வைத்துக்கொண்டார்கள். மாக்கிறட்டின் தம்பி சிங்கராசா கிளாறினெட். அவனுடைய குழலில் ஒரு சுரம் வராது. பாட்டில் அந்தச் சுரம் வருகிற இடத்தில் குழலை வாயிலிருந்து எடுத்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்கு உயர்த்துவான். வெளியூர்ச் சனம் அதைப் பக்தி என்று நினைத்தது.

சங்கீதத்தில் இவர்கள் மூவருக்கும் விளையாட்டுக் கிடையாது. ஒருமுறை பிரேதம் சேமக்காலைக்குப் போகிற வழியில், சுருதி விலகிவிட்டதென்று ஊர்வலத்தை நடுவெயிலில் நிறுத்திச் சேர்த்தார்கள். செத்தவர் பொறுமையானவர் என்றபடியால் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வருசம் கோயில் திருநாளுக்குப் பங்குச் சாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வேறொரு சபையைக் கூப்பிட்டார். எட்வேட் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், அந்த வருசத்துச் சோளகக் காற்று அடித்து ஓயும்வரை எழும்பவில்லை. சம்மாட்டியார் எழும்பாததால் வலையும் எழும்பவில்லை. தோமசும் சிங்கராசாவும் அவரவர் வீட்டில் அவரவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார்கள். அந்தக் காலம் முழுக்க மாக்கிறட் ஒடியல் பிட்டும் முருங்கையிலைச் சொதியுமாக வீட்டை ஓட்டினாள். சம்மாட்டியார் வீட்டு அடுப்பில் மீன் வாசம் இல்லாத சோளகம் அதுதான் முதல்.

இரண்டாவது சோளகம் இந்த முறை வந்துவிடும்போல் இருந்தது. அதற்குக் காரணம் நறுவிலிக்குளத்து நெல்.

நறுவிலிக்குளத்துக்கு றேடியோக்காரர் வந்து, நெல் அறுக்கிறபோது பாடுகிற அருவிவெட்டுப் பாட்டைப் பதிந்துகொண்டு போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அது றேடியோவில் போயிற்று. எட்வேட் ஜுனைதீன் முதலாளியின் கடையில் நின்று முழுவதையும் கேட்டார். வீட்டுக்கு வந்து போட்டிருந்த சேட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"வயலுக்க குனிஞ்சு நிக்கிறவன் மூக்கால பாடுறான், மாக்கிறட். அவனுக்கு றேடியோ. எங்களில என்ன குறை?"

"மீன் குறை," என்றாள் மாக்கிறட், சட்டியைச் சரித்துக் காட்டி.

அவருக்கு அது காதில் விழவில்லை. குறை அம்பாவில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அம்பா என்பது வலை இழுக்கிறவனின் தோளுக்காக உண்டான பாட்டு. முன்னால் பாடுகிறவர் ஓரடி சொல்ல, கயிற்றில் நிற்கிறவர்கள் "ஏலேலோ" என்று ஒரு இழுவை இழுப்பார்கள். அந்த ஏலேலோவில் சங்கீதம் இல்லை என்றார் எட்வேட். அதை எடுத்துவிட்டு ஆலாபனை போட்டார். ஆலாபனையில் எந்த இடத்தில் இழுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கயிற்றுக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி, பெற்றோலுக்குக் காத்து நிற்கிற லொறிகள்போல நின்றார்கள். வலைக்குள் அகப்பட்ட மீன்கள் கொஞ்சநேரம் கேட்டுப் பார்த்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று இடிக்காமல், வெளியேறின. பூசை முடிந்து சனம் போகிற மாதிரி இருந்தது என்று தோணியிலிருந்து பார்த்த தோமசே சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

பக்கத்து ஊர் சாளைப்பாடு. அவர்களுடைய கடற்கரைத் துண்டு ஒடுக்கமானது, பாறை வேறு. முரல்பாட்டுக் கரையைப் பார்த்து அவர்கள் பெருமூச்சு விடுவது சோளகக் காற்றோடு கலந்து ஊருக்குள் கேட்கும். இப்போது பெருமூச்சு நின்று சிரிப்புக் கேட்டது. "முரல்பாட்டில பாட்டு இருக்கு, பாடு இல்லை" என்று சொல்லிச் சிரித்தவர்கள், அதையே அரசாங்கக் கந்தோரிலும் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஜுனைதீன் முதலாளி எருக்கலம்பிட்டிக்காரர். மீன் எடுக்க லொறியோடு வருகிறவர். அன்று எடுக்க மீன் இல்லாதபடியால் சேதி கொடுத்துவிட்டுப் போக வந்தார். கரையிலிருந்த வாடிக் கொட்டிலுக்குள் எட்வேட் வயலினுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார்.

"சம்மாட்டியார், செவ்வாய்க்கிழமை கந்தோர் ஆள் வருதாம். உங்கட பாட்டப் பாத்துப் பதியப் போறாங்களாம். ஆயத்தமா நில்லுங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். வீடு என்றால் வீட்டை, காடு என்றால் காட்டை. அதே மாதிரி, கரைவலைப் பாடு என்றாலும் பாட்டை. வாயால் பாடுகிற பாட்டு என்றாலும் பாட்டை. இலக்கணம் எழுதினவர்கள் எழுதுமுன் ஒருக்கால் மன்னார்ப் பக்கம் வந்து போயிருக்கலாம்.

எட்வேட் எழும்பி ஜுனைதீன் முதலாளியைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பிடிக்குள் நின்றபடியே முதலாளி, பாட்டில் இந்த மனிதனுக்கு இவ்வளவு அக்கறை இருந்தது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தார். அவர் நினைத்தது கடற்கரையை.

மாக்கிறட் சேதியைப் புருசன் வாயால் கேட்டாள். கேட்டபடியே தேத்தண்ணிக் கோப்பையும் பனங்கட்டித் துண்டும் எடுத்துக்கொண்டு லொறியடிக்குப் போனாள்.

"நானா, எந்தக் கந்தோர் வருகுது? றேடியோக் கந்தோரோ?"

"றேடியோவா? என்ன புள்ள கதைக்கிற? மீன்பிடிக் கந்தோர். சாளைப்பாட்டான் போய்ச் சொல்லியிருக்கான், முரல்பாட்டுக் கரை சும்மா கிடக்குது, எங்களுக்குத் தாங்க எண்டு. வந்து பாக்கிற நேரம் இஞ்ச வலை தண்ணியில நிண்டா பாடு உங்களுக்கு. சும்மா கிடந்தா அவனுக்கு எழுதிப்போடுவாங்க. அம்புட்டுத்தான்."

"இவர் றேடியோ எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறார், நானா."

ஜுனைதீன் பனங்கட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "யா அல்லா. அதுக்கா மனுசன் என்னைக் கட்டிப்பிடிச்சது? இரு, போய் விளங்கப்படுத்திப்போட்டு வாறன்."

"வேண்டாம்!" என்று அவள் லொறிக் கதவைப் பிடித்தாள். "சொன்னா உடன சுவரைப் பாத்துப் படுத்திடுவார். தோமஸ் அண்ணையும் படுத்திடுவார், என்ர தம்பியும் படுத்திடுவான். செவ்வாய்க்கிழமை வாற மனிசன் மூண்டு முதுகைத்தான் பாத்துப் பதிய வேணும்."

"அப்ப என்ன செய்யப் போற?"

"றேடியோவே வரட்டும்," என்றாள் மாக்கிறட்.

அன்று அடுப்பில் சுட்ட கருவாடும் தேங்காய்ச் சம்பலும். எட்வேட் சாப்பிடாமல் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரையில் கிடுகுப் பந்தல். கோயில் சப்பிரத் தேருக்குக் கட்டுகிற சரிகைத் துணியில் பின்திரை. மூவரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. வலையைத் தூக்கிக் கண்காணாத இடத்தில் போட வேண்டும், நாறும்.

"இஞ்சருங்கோ," என்றாள் மாக்கிறட், சம்பலைத் தள்ளி வைத்து. "ஜுனைதீன் நானா இன்னுமொண்டு சொன்னவர். நீங்கள் சந்தோசத்தில கேக்கேல்லையாக்கும். வலை வேணுமாம்."

"ஆருக்கு?"

"வாற ஆளுக்கு. வலை கடலுக்க நிக்கவேணுமாம். கயிறு இழுக்க வேணுமாம். நறுவிலிக்குளத்தில அரிவாள் சத்தத்தோடதானே பதிஞ்சவை? சும்மா சப்பாணி கட்டியிருந்து பாடுறதைக் கொழும்பிலயே பதியலாமாம்."

எட்வேட் மீசையைத் தடவினார். அரிவாள் சத்தம் உண்மைதான்; அவரே கேட்டிருக்கிறார். "அப்ப கயிற்றுச் சத்தம்..."

"கயிற்றுச் சத்தம், மூச்சுச் சத்தம், மீன் துள்ளுற சத்தம். மீன் இல்லாட்டி பிசகாம்."

"மீனுக்குச் சுருதி தெரியாதே!"

"அதை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. மற்றது, ஏலேலோவும் வேணுமாம்."

எட்வேட்டின் கை மீசையிலேயே நின்றது. "ஏலேலோவோ? அது கயிற்றுக்காரன் கத்துறது. அதைப் போய் நாடு முழுக்கக் கேக்க... மாக்கிறட், என்ர ஆலாபனை?"

அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாய் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஆலாபனை நல்லதுதான். ஆனா நாடாவில ஒரு அளவுதானே பிடிக்கும்? நீங்கள் ஆலாபனை தொடங்க நாடா முடிஞ்சுபோனா, பிறகு பாட்டுக்கு எங்க போறது? ஆலாபனை மட்டும் றேடியோவில போனா, மனிசன் தொண்டை நோவுக்கு மருந்து விளம்பரம் எண்டு நினைக்கும்."

எட்வேட் பெரிய மனதோடு கருவாட்டை எடுத்துக் கடித்தார். "சரி. ஏலேலோ. ஆனா சுருதியோட."

செவ்வாய்க்கிழமை விடிய சோளகம் பலமாய் இருந்தது. அந்தக் காற்று மன்னார்த் தீவின் மணலையெல்லாம் வாரி வடகரைக்குக் கொண்டுவரும்; ஆனால் வடகடலைத் தொடாது. கடல் எண்ணெய் பூசின மாதிரிக் கிடந்தது. சோளகத்தில் பாடினால் பாட்டு நேரே இராமேஸ்வரக் கரைக்குப் போகுமென்றும், அங்கே ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்களென்றும் எட்வேட் நம்பினார். அங்கிருந்து இதுவரை ஒருவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

தோமஸ் வெள்ளைச் சேட்டோடு வலைத்தோணியில் போய், ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டு, வலையை அரைவட்டமாய் வளைத்து, மற்றக் கயிற்றோடு கரையேறினார். ஏறினதும் ஈரத்தை உதறிவிட்டு ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் இருந்தார். பெட்டியைக் கவிழ்த்த மீன்கூடையின் மேல் வைத்திருந்தார்கள். கயிற்றுக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். மாக்கிறட் தேத்தண்ணிக் கேத்திலோடு பனையடியில் நின்று றோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் பனங்கூடலில் புதைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அருட்பிரகாசம் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். மெலிந்த மனிதர்; மூக்குக்கண்ணாடி. பின்னால் ஒரு பியோன், தோளில் தோற்பெட்டி தொங்க. அந்தத் தோற்பெட்டியைக் கண்டதும் எட்வேட்டின் கண் கலங்கிவிட்டது.

"வாங்கோ, ஐயா. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

இன்ஸ்பெக்டருக்கு ஆச்சரியம். வழக்கமாக அவரைக் கண்டதும் ஆட்கள் கடலுக்குள் இறங்கிவிடுவார்கள். "நீங்கள்தானோ சம்மாட்டியார்? சரி. இது ஆற்ற பாடு?"

"எங்கட பாடு, ஐயா."

"எவ்வளவு காலமா?"

"என்ர அப்பு, அவற்ற அப்பு, அதுக்கு முந்தி ஆரெண்டு தெரியாது. ஆராயிருந்தாலும் இதே பாடுதான்."

"சாளைப்பாட்டார் இது தங்கட எண்டு சொல்லுகினம்."

எட்வேட்டின் கழுத்து வீங்கியது. "அவங்களோ! ஐயா, அவங்கட பாட்டைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். கொஞ்சம் ஒடுக்கம்தான்."

"ஒடுக்கமோ? மூச்சு விட இடமில்லை!"

"நடுவில கரடுமுரடும் இருக்கு."

"சொல்லுங்கோ, ஐயா, சொல்லுங்கோ!" எட்வேட் தோமசைத் திரும்பிப் பார்த்தார். "தோமஸ், கேட்டியோ? விசயம் தெரிஞ்ச மனிசன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஐயா, நாடா கொண்டுவந்தனீங்கள்தானே?"

"நாடா இல்லாமல் வருவமே?"

"காணுமோ? எங்கட கொஞ்சம் நீளம்."

"காணாட்டில் என்ன, ரெண்டுதரம் போடலாம்."

"ரெண்டுதரம் போடுவினமாம்!" என்று எட்வேட் கத்தினார். கயிற்றுக்காரர்கள் கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் தம் உத்தியோகத்தில் முதல்தடவையாகக் கைதட்டு வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார். மாக்கிறட் அவர் கையில் தேத்தண்ணியைத் திணித்தாள். வாயில் கோப்பை இருக்கும்வரையாவது கேள்வி வராது.

எட்வேட் கண்ணை மூடித் தொடங்கினார்.

"வாடி வாடி மடிவலையே!"

"ஏலேலோ!"

"வயித்தை நிறைச்சு வந்திடடி!"

"ஏலேலோ!"

"ஓரா மீனும் ஒட்டி மீனும்!"

"ஏலேலோ!"

கயிறு அசைந்தது. மாக்கிறட் கேத்திலைக் கீழே வைத்துவிட்டாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு இந்தக் குரலை இந்தப் பாட்டில் கேட்கிறாள்! பெண் பார்க்க வருமுன்னரே, கரையிலிருந்து இந்த அம்பா காற்றில் வந்து அவள் தகப்பன் வீட்டு வேலியில் மோதியிருக்கிறது. ஆளைக் காணாமலே ஓமென்று சொல்வதற்கு அதுவே போதுமாய் இருந்தது. ஆலாபனைக்காரனை அவள் கலியாணம் முடிக்கவில்லை. இதை அவருக்கு ஒருநாளும் சொல்லவும் மாட்டாள்.

இதற்குள் பியோன் தோற்பெட்டியைத் திறந்து, நாடாவின் நுனியை ஒரு முளையில் மாட்டிவிட்டு, கரையோரமாய் இழுத்துக்கொண்டு நடந்தான். பாடிக்கொண்டே எட்வேட் ஒரு கண்ணைத் திறந்தார். றேடியோ நாடாவை அவர் முன்னே பின்னே கண்டதில்லை. அது இவ்வளவு அகலமாய், மஞ்சள் நிறமாய், இலக்கமெல்லாம் போட்டு, இவ்வளவு நீளத்துக்குப் போகுமென்றால் அதில் எவ்வளவு பாட்டுப் பிடிக்கும்! கை காட்டினார். கயிற்றுக்காரர்கள் இழுத்தபடியே நாடாப் பக்கம் குனிந்து "ஏலேலோ" சொன்னார்கள். சிங்கராசா முழங்காலில் நின்று கிளாறினெட்டின் வாயை நாடாவில் முட்டுகிற மாதிரிப் பிடித்து ஊதினான். நாடா அதிர்ந்தது. பியோன் மறுநுனியில் அதைப் பிடித்துக்கொண்டு, கையில் மீன் கடித்த மாதிரி நடுங்கினான்.

வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்து, தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளத் தொடங்குகிற நேரம் எட்வேட் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு! இடப்பக்கம் சுருதி இறங்கிப்போச்சு!"

எல்லாம் நின்றது. வலை நின்றது. மாக்கிறட்டின் மூச்சும் நின்றது. இன்ஸ்பெக்டர் கோப்பையைத் தாழ்த்தினார். "ஏன் நிண்டது?"

"மடிக்குள்ள மீன் ஒதுங்கி இருக்கட்டும் எண்டு கொஞ்சம் விடுறவை, ஐயா," என்றாள் மாக்கிறட்.

"அப்பிடியோ? வேறெங்கயும் நான் காணேல்லையே."

"வேறெங்கயும் இல்லை, ஐயா," என்றாள். அது உண்மை.

தோமஸ் துருத்தியை அழுத்தினார். அமுங்கின கட்டை "ஙொய்" என்றது. இடப்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டது. "பொழுது சாயும் முன்னாலே, புகுந்த வீடு வந்திடடி!" என்று எட்வேட் கடைசி இரண்டு அடியை எடுத்தார். அந்த இரண்டு அடிக்கும் எப்போதும் கயிற்றுக்காரர்களுக்குப் புதுத் தோள் முளைக்கும். மடி மணலில் ஏறியது. முரலும் சாளையும் ஓராவுமாய்ப் புரண்டன. ஜுனைதீன் முதலாளி லொறியிலிருந்து ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் சிரித்தார்.

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. வலை இருக்கிறது, ஆள் இருக்கிறது, மீன் இருக்கிறது. பென்சிலை எடுத்தார்.

"சம்மாட்டியார், கடைசியா ஒரு கேள்வி. எல்லா அடியும் உங்கடதானோ? ஒண்டு ரெண்டு அடி மற்ற ஆக்களுடையது கலந்திருந்தா இப்பவே சொல்லிப்போடுங்கோ. பதிஞ்ச பிறகு வழக்கு வரப்படாது."

எட்வேட்டின் முகம் மாறியது. தோமஸ் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். சிங்கராசா "அத்தான், வாயைத் திறவாதையுங்கோ" என்று பல்லுக்குள் சொன்னான். ஆனால் சங்கீத விசயத்தில் பொய் சொல்லி எட்வேட்டுக்குப் பழக்கமில்லை.

"ஐயா, உண்மையைச் சொல்லவேணும். கடைசி ரெண்டு அடி சாளைப்பாட்டாருடையது. என்ர அப்பு நல்லாயிருக்கெண்டு எடுத்து எங்கடயோட சேர்த்துப்போட்டார்."

மாக்கிறட் பனையைப் பிடித்துக்கொண்டாள். மனுசன் கடற்கரையைத் தன் வாயால் பறிகொடுக்கிறார், அதுவும் பெருமையோடு.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு எட்வேட்டைப் பார்த்தார். "எல்லைப் பிணக்கு எண்டா ஒரு விரற்கடைக்கு மண்டை உடைக்கிற ஆக்களைத்தான் நான் இவ்வளவு காலமும் கண்டனான். தன்ர வாயால ரெண்டு அடியை இது என்ர இல்லை எண்டு சொன்ன மனிசனை இண்டைக்குத்தான் காணுறன். அப்ப அந்த ரெண்டு அடியையும் அவையிட்டயே விட்டுவிடுவமா?"

"வெட்டிப்போடுங்கோ, ஐயா. அது இல்லாட்டிலும் எங்கட பாட்டு நிக்கும்."

"நிக்கும், நிக்கும். நீங்கள் ரெண்டு அடி பொய் சொல்லாத ஆளெண்டா மிச்சத்துக்கு எனக்குச் சாட்சி தேவையில்லை." பியோன் போய் மேற்கு முளையைப் பிடுங்கி இரண்டு அடி இங்கால் நட்டான். அவன் புதிதாய் நட்ட இடத்தில் இப்போது எல்லைக்கல் நிற்கிறது. முரல்பாட்டில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்ட மாதிரித்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் எட்வேட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதிஞ்சாச்சு. சும்மா கிடக்க விடாமல் ஒவ்வொரு நாளும் செய்யுங்கோ. விட்டா அடுத்தமுறை மாத்தி எழுதவேண்டி வரும். மற்றபடி பயப்பிடாதையுங்கோ. இனி உங்கட பாட்டை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எட்வேட் அந்த இடத்திலேயே கயிற்றுச் சுருளில் இருந்தார். முகத்தில் மணல் அடித்தது, துடைக்கவில்லை.

"ஒருத்தரும் கேக்கமாட்டினமாம், தோமஸ்."

"நானும் கேட்டனான், அண்ணை."

"முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுப் போறார். கையையும் குலுக்கிப்போட்டு."

தோமஸ் ஆர்மோனியத்தை மூடினார். சிங்கராசா கிளாறினெட்டைக் கழற்றித் துண்டு துண்டாய்த் துணியில் சுற்றினான். பக்கத்தில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பிரிக்கப் போகவில்லை. எட்வேட் எழும்பி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அந்த நடையை மாக்கிறட் அறிவாள். அது நேரே கட்டிலுக்கும் சுவருக்கும் போகிற நடை. ஒவ்வொரு நாளும் வலை இறங்காவிட்டால் பதிந்த பாடும் பறந்துவிடும்.

"இஞ்சருங்கோ, நில்லுங்கோ!" மணலில் ஓடிப்போய் முன்னால் மறித்தாள். "நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். அவர் றேடியோ ஆள் இல்லை."

எட்வேட் இப்போதுதான் முகத்து மணலைத் துடைத்தார்.

"மீன்பிடிக் கந்தோர் ஆள். இந்தக் கரையைச் சாளைப்பாட்டாருக்குக் குடுக்கிறதோ எண்டு பாக்க வந்தவர். அந்த நாடா கரையை அளக்கிற நாடா. அவர் பதிஞ்சது எங்கட கடற்கரையை. ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டது, ஒருத்தரும் உரிமை கேட்டு வரமாட்டினம் எண்டு. முதல்லயே சொல்லியிருந்தா நீங்கள் படுத்திருப்பியள், கரையும் போயிருக்கும். இனி என்னை ஏசுறதெண்டா ஏசுங்கோ."

அவர் ஏசவில்லை. கடலைப் பார்த்தார், மடியில் கிடந்த மீனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்ப அந்த மனிசன் பாட்டுக் கேக்க வரேல்லை?"

"இல்லை."

"அவருக்குச் சங்கீதம் தெரியுமோ?"

"தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துபோனன், அதுகூடத் தெரியாமல் குடிச்சுப்போட்டுப் போறார்."

"அப்ப..." எட்வேட்டின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. "அப்ப எங்கட பாட்டை இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை!"

"நான் கேட்டனான்," என்றாள் மாக்கிறட்.

"நீ வீட்டு ஆள்," என்று சொன்னவர், ஏதோ நினைவு வந்து அவள் கையைப் பிடித்தார். "உண்மையைச் சொல்லு, மாக்கிறட். மூண்டாவது அடியில தோமஸ் பிந்தினவன்தானே?"

அவள் ஒருகணம் யோசித்தாள். "பிந்தினவர்," என்றாள்.

"அதுதானே! எனக்குத் தெரியும்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்வேட் கரையைப் பார்த்து ஓடினார். "தோமஸ்! பெட்டியைத் திற! சிங்கராசா, குழலைப் பூட்டு! தோணியைத் தள்ளுங்கோடா! றேடியோக்காரர் வாறதுக்கிடையில இதை ஒழுங்காப் பழக வேணும்!"

"அத்தான், வலையில மீன் கிடக்குது!" என்று சிங்கராசா கத்தினான்.

"கொட்டிப்போட்டு வலையைக் கொண்டா! வலை இல்லாமல் எப்பிடியடா பழகிறது?"